வயிரவன் வளர்த்த கல்பாசி

ஹோ சி மின் நகரத்தில், அதாவது பழைய சைகோனில், த்ருவோங் டின் சாலை மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு செட்டிநாட்டு உணவகம் இருந்தது. வாசலை ஒட்டி ஆறடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத்தண்ணீர், அடுக்கடுக்காகக் கற்கள், மேலே நல்ல விளக்கு. மீன் மட்டும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள், பக்கவாட்டில் போய் எட்டிப் பார்ப்பார்கள், கடைசியில் "மீனெல்லாம் எங்கே?" என்பார்கள். மேற்பார்வையாளர் வயிரவன் முகத்தில் சிரிப்பே காட்டாமல், "அடுப்புல இருக்கு. வறுவலா, குழம்பா?" என்று கேட்பார்.

நான் பக்கத்துக் கட்டடத்தில் கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். மதியச் சாப்பாடு பல வருடம் அங்கேதான். அதனால் இந்தக் கதையில் பாதி கண்ணால் பார்த்தது. மீதியை அவர்கள் இருவருமே சொன்னார்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்துக்கொண்டே.

வயிரவன் தேவகோட்டைப் பக்கத்துக்காரர். இங்கே வந்தபோது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒல்லியான நெட்டை உடம்பு. சைகோன் வீட்டு வாசல்களில் இடித்து இடித்துப் பழகி, எங்கே நுழைந்தாலும் குனிந்தபடியேதான் நுழைவார். அழுக்கென்றால் ஆகாது. தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு துண்டு. நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை வைப்பதற்குள் மேசையில் விழுந்த ஈரவட்டத்தைத் துடைத்துவிடுவார். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"நிச்சயம் வரைக்கும் போச்சுங்க. அவுக வீட்டுல விருந்து. இலை போடுமுன்ன நான் ஒருக்கா தரையைத் தொடச்சேன். அவுக ஆத்தா ஏற்கெனவே தொடச்ச தரை. அதோட நின்னுபோச்சு."

உண்மையா, விளையாட்டா என்று தெரியாது. அவர் சொல்லும் எதிலும் அது தெரியாது.

தொட்டி அவருடையது அல்ல. உணவகத்தின் முதலாளி வள்ளியப்பன், தாவோ தியென் பகுதியில் வசித்தவர், அங்கே ஒரு நண்பர் வீட்டில் கடல்மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டு வாங்கி வைத்தது. மஞ்சள் மீன், நீலமீன், கோடு போட்ட மீன் என்று நாலைந்து மாதம் ஜோராக இருந்தது. பிறகு டெட் வந்தது. வியட்நாமியப் புத்தாண்டுக்கு ஊரே பூட்டிக்கொண்டு போகும், இவர்களும் ஒரு வாரம் கடையை மூடினார்கள். கடைசியாகக் கிளம்பியவர் யாரோ, சிக்கனம் என்று நினைத்து, மின்சாரத்தின் பெரிய விசையையே அணைத்துவிட்டுப் போய்விட்டார். மோட்டார் நின்றது. மீன்களுக்கு மூச்சு நின்றது.

திரும்பி வந்து கதவைத் திறந்தது வயிரவன்தான். அந்த நாற்றத்தைப் பற்றி அவர் பேசவே மாட்டார். எல்லா மீன்களையும் ஒரு வாளியில் அள்ளி, வாடகைக்கு இருந்த வீட்டுப் பக்கத்து மாமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். தினமும் கிலோக்கணக்கில் மீன் வெட்டும் கடையில் வேலை பார்ப்பவர் அதைச் செய்ததற்குச் சமையல்காரர்கள் சிரித்தார்கள்.

"பேர் வச்சிருந்தேன்யா, எல்லாத்துக்கும்" என்றாராம்.

வள்ளியப்பன் தொலைபேசியில், "தூக்கிப் போட்டுரு வயிரவா. அந்த இடத்துல ரெண்டு மேசை போடலாம்" என்று சொல்லிவிட்டார். தொட்டியை விற்ற கடைக்குச் சொல்லியனுப்பினார்கள், மோட்டாரையும் விளக்கையும் அவர்கள் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அந்தக் கடை ஐந்தாம் வட்டத்தில், வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் இருந்தது. கடையின் சொந்தக்காரி தானே மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். ஐம்பது வயதுக்கு ஓரிரு வருடம் குறைவு. குட்டையான, உறுதியான உடம்பு. வியட்நாமிய முகம்தான், ஆனால் கண்ணும் புருவமும் நம் பக்கத்தவை.

அவர் உள்ளே நுழைந்தபோது வயிரவன் முதுகு காட்டி நின்று, தொட்டியின் உள்சுவரைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். எறியப் போகிற தொட்டி என்றாலும் அழுக்காக எறிய அவருக்கு மனம் இல்லை. கண்ணாடியில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் புள்ளி புள்ளியாக ஏதோ ஒட்டியிருந்தது. சிமெண்டுபோல் கெட்டி.

"என்ன கறைடா இது, சனியன், போகமாட்டேங்குதே" என்று தனக்குத்தானே முனகினார்.

"ஏய்! தொடாதே! அது கறை இல்லே. அது இன்னும் சாகலே!"

தமிழ். அதுவும் ஒரு சின்னப்பெண் அதட்டுகிற தமிழ். வயிரவன் திரும்பிப் பார்த்தார். பிளேடு கையிலிருந்து தண்ணீருக்குள் விழுந்தது.

அந்தப் பெண்மணியின் பெயர் மரி. அப்பா காரைக்கால்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தவர், சைகோனில் ஒரு மருந்துக்கடையில் கணக்கு எழுதியவர். அம்மா இந்த ஊர். எழுபத்தைந்தில் ஆட்சி மாறியது. அடுத்த வருடம் அப்பா, "நான் முன்னாடி போறேன், போய் உங்களைக் கூப்பிட்டுக்கறேன்" என்று பிரான்சுக்கு விமானம் ஏறினார். அப்புறம் அவரிடமிருந்து சேதியே இல்லை. அப்போது மரிக்கு எட்டு வயது. அதன்பிறகு வீட்டில் யாரும் தமிழ் பேசவில்லை, அவருடைய தமிழ் எட்டு வயதிலேயே நின்றுவிட்டது. மரியாதைப் பன்மை தெரியாது. வள்ளியப்பனையும் நீ என்பார். கோபம் வந்தால் "அடிப்பேன் பாத்துக்க" என்பார். சந்தோஷம் வந்தால் கைதட்டுவார். மீன் கடை நடத்தி, ஒரு கணவரைப் பிரிந்து, ஒரு பெண்ணை டா நாங் நகரத்தில் கட்டிக்கொடுத்த மனுஷி, தமிழ் பேச வாயைத் திறந்தால் பாவாடை கட்டிய குழந்தை ஆகிவிடுவார்.

அன்று அவர் மோட்டாரைக் கழற்றவில்லை. வயிரவனை உட்காரவைத்து, பாதி தமிழ், பாதி வியட்நாமியம், மீதி கைஜாடையில் விளக்கினார். இந்த ஊதாவும் சிவப்பும் கறை அல்ல, ஒருவகைப் பாசி. கடைக்காரர்கள் கோரலைன் என்பார்கள். தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தை இழுத்துத் தன் உடம்பையே கல்லாக்கிக்கொண்டு, கல்மேல் மெழுகிவிட்ட மாதிரி மெதுவாகப் படரும். மீன் செத்தும், விளக்கு அணைந்தும், அது ஒரு வாரம் தாக்குப்பிடித்திருக்கிறது.

"கல்லு மேல பாசி" என்றார் வயிரவன். "அட, கல்பாசி! நம்ம மசாலாவுல போடுறோமே."

அது வேறு இது வேறு என்று மரிக்கும் தெரியாது, சொல்லிக்கொடுக்க வேறு யாரும் அங்கே இல்லை. அன்றைக்கு வந்த பெயர்தான், இன்றுவரை சைகோனில் எங்களுக்கெல்லாம் அது கல்பாசி.

வயிரவன் முதலாளியிடம் பேசினார். "மீன் வேணாம் அண்ணே. ஆனா தொட்டி இருக்கட்டும். அதுல உசிரு இருக்கு."

"என்ன உசிரு?"

"கல்லுல."

 "தீபாவளிக்கு என் மச்சினன் குடும்பம் சிங்கப்பூர்லேர்ந்து வருது. அதுக்குள்ள பாக்குற மாதிரி எதாச்சும் இருக்கணும். இல்லேன்னா தூக்கிரு" என்றார் வள்ளியப்பன்.

அன்றிலிருந்து வயிரவனுக்கு அது ஒரு வேலையாயிற்று. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பு ஏறிவிடும், வடிகட்டிய நல்ல தண்ணீரை ஊற்றிச் சரிக்கட்ட வேண்டும். சின்னக் குப்பியில் தண்ணீரெடுத்துச் சொட்டு மருந்து விட்டு, நிறம் எப்போது மாறுகிறது என்று பார்த்து, சுண்ணாம்புச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பச்சைப் பாசி படர்ந்தால் கல்பாசியை மூடிவிடும், அதை மேய்வதற்கு மரி கொஞ்சம் நத்தைகளைக் கொடுத்தார். துடைப்பதற்கென்றே பிறந்த மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கறை பெரிதாக வேண்டுமென்று காத்திருந்தார்.

வாரத்துக்கு ஒருநாள் மரி வருவார். தொட்டியைப் பார்ப்பார், கருவாட்டுக் குழம்பு சாப்பிடுவார், "காரம்! காரம்!" என்று நாக்கை நீட்டிக் கையால் விசிறிக்கொள்வார். மறுவாரமும் அதையேதான் கேட்பார்.

மழைக்காலத்தின் நடுவில் ஊதா பரவியிருந்தது. ஆனால் ஊதா மட்டும்தான். மரியின் கடைத் தொட்டிகளில் ரோஜா நிறம் உண்டு, கருஞ்சிவப்பு உண்டு. அந்தக் கற்களைச் சுரண்டிய பொடியை ஒரு சின்னப் பாட்டிலில் கொண்டுவந்து, மோட்டாரை நிறுத்திவிட்டு, கற்களின்மேல் தூவிவிட்டுப் போனார். "விதை. சும்மா இரு. அதுவா வரும்" என்றார்.

தீபாவளி நெருங்கியது. வயிரவனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. சுண்ணாம்புத் தெளிவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கல்பாசி நன்றாக வளரும் என்று மரி சொல்லிக்கொடுத்து, கொஞ்சம் சுண்ணாம்பும் தந்திருந்தார். அது தீர்ந்துபோயிற்று. பென்தான் என்ற பெரிய சந்தையில் வெற்றிலை விற்கும் கிழவியிடம் ஒரு டப்பா சுண்ணாம்பு வாங்கினார். தேவகோட்டைக்காரருக்குச் சுண்ணாம்பு தெரியாதா? கரைத்தார். தெளிய விடவில்லை. சொட்டு விடவில்லை. கலக்கியதை அப்படியே ஊற்றினார்.

தொட்டி முழுக்கப் பால் ஆயிற்று. அடுத்தநாள் பால் தெளிந்தபோது கற்களெல்லாம் வெளுத்துக் கிடந்தன. நத்தைகள் அடியில் கவிழ்ந்து கிடந்தன. அவ்வளவு மாதத்து ஊதா ஒரே ராத்திரியில் எலும்பு நிறமாகிவிட்டது.

மரி வந்து பார்த்தார். கத்துவார் என்று எல்லாரும் நினைத்தோம். கத்தவில்லை. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சுண்டுவிரலை நீட்டி, வயிரவனின் மூக்குக்கு நேரே காட்டி, "உன் கூட காய்" என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

சமையல்கட்டிலிருந்து ஒருவர் சிரித்தார். வயிரவன் சிரிக்கவில்லை. அன்று பிற்பகல் முழுக்க ஒரே மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், தீபாவளியன்று வள்ளியப்பன் மைத்துனர் குடும்பத்தோடு வந்து, அந்த வெள்ளைக் கற்களைப் பார்த்து, "பரவாயில்லையே வயிரவா, சுண்ணாம்பு அடிச்ச கோயில் மாதிரி பளிச்சுனு வச்சிருக்கே. இருக்கட்டும்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். தொட்டி தப்பியது. அதைச் சொல்லிச் சந்தோஷப்படத்தான் வயிரவனுக்கு ஆள் இல்லை.

மரி பல வாரம் வரவில்லை. வயிரவன் இரண்டுமுறை ஐந்தாம் வட்டத்துக்குப் போய், கடைக்கு எதிர்ப்பக்கம் நின்றுவிட்டு, உள்ளே போகாமல் திரும்பி வந்தார். மூன்றாம் முறை மரியே பார்த்துவிட்டார். அவ்வளவு உயரத்தை அந்தத் தெருவில் எந்தக் கம்பத்துக்குப் பின்னாலும் மறைக்க முடியாது. மறுநாள் மதியம் மரி, சாப்பாட்டுக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது, ஈரத்துணியில் சுற்றிய ஒரு கல்லோடு வந்து நின்றார். கல்லைத் திருப்பிக் காட்டினார். வெளிச்சம் படாத அடிப்பக்கம் முழுக்க ஆட்டு ஈரல் மாதிரி ஆழமான சிவப்பு. அவருடைய கடையின் பழைய தொட்டியில், அவர் தொழில் தொடங்கிய காலத்திலிருந்து இருந்த கல் அது.

"இதையும் கொன்னா?" என்றார்.

"கொல்லமாட்டேன்."

மரி இரண்டு விரலை நீட்டினார். "பழம்."

வயிரவன் துண்டைத் தோளில் போட்டுவிட்டு, தன் இரண்டு விரலால் அதைத் தொட்டார். என் மேசையில் ரசம் ஆறிக்கொண்டிருந்தது. கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம்தான் நிறங்கள் வந்தன. வெளுத்த கற்களின் ஓரங்களில் ஊதா திரும்ப முளைத்தது, நகத்தைச் சுற்றி மருதாணி பிடிப்பதுபோல. விளக்குக்கு நேர் கீழே இருக்கும் கல்லில் நிறம் வெளிறி ரோஜாவாகும், நிழலில் கறுத்துச் சிவக்கும் என்பதைப் பார்த்துப் பார்த்தே இருவரும் கண்டுகொண்டார்கள். கற்களைக் குகைபோல அடுக்கி, புதிதாக நத்தைகளையும் விட்டார்கள். வயிரவன் விளக்கை ஒரு விரற்கடை உயர்த்துவார், மரி இறக்குவார். நிறங்களுக்கு வயிரவன் வைத்த பெயர்கள் எல்லாம் சமையல்கட்டுப் பெயர்கள்: பீட்ரூட், ரோஸ்மில்க், ஈரல், மாதுளை. வுங் தாவ் கடற்கரையில் ஒரு காப்பிக் கடையின் பாழடைந்த தொட்டியிலிருந்து ஆரஞ்சு கிடைத்தது. அதற்குப் பரங்கி என்று பெயர்.

பச்சை நிறக் கல்பாசிக்காக அவர்கள் தாவோ தியென் போன அன்று நான் பார்த்தேன். ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு பள்ளி ஆசிரியை, தன் தொட்டியிலிருந்த, பச்சை படிந்த கிளிஞ்சல்களைத் தருவதாகச் சொல்லியிருந்தார். மரி வண்டியோட்ட, பின்னால் வயிரவன் உட்கார்ந்து, முட்டிக்கால்கள் இரண்டும் காதுவரை உயர்ந்து நிற்க, மடியில் வாளி. சிக்னலில் என் டாக்ஸிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். வண்டி குலுங்கியதில் உப்புத்தண்ணீர் தெறித்து அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. சட்டையில் ஒரு சொட்டுக் குழம்பு பட்டால் வேறு சட்டை மாற்றுகிற மனிதர். கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டேன்.

"பச்சை கெடச்சிருச்சு!" என்று கத்தினார். பச்சை விழுந்தது. மரி முறுக்கிய வேகத்தில் தண்ணீர் மறுபடி தெறித்தது.

இருவருக்கும் நடுவில் என்ன இருந்தது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள்தான் பேசவில்லை. ஒருமுறை வள்ளியப்பனே, "என்னய்யா, முடிச்சுரலாமா?" என்று கேட்டார். வயிரவன் தயங்கித் தயங்கி மரியிடம் கேட்டிருக்கிறார். மரி தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"நீ நல்லவன். ஆனா உனக்கு விசா இருக்கு, பெட்டி இருக்கு. ஒருநாள் முன்னாடி போறேன், அப்புறம் கூப்பிடறேன்னு சொல்லுவே."

வயிரவன் சத்தியம் செய்யலாம். மரியின் அப்பாவும் சத்தியம் செய்துவிட்டுத்தான் போனார். அடுத்த வாரமும் மரி கருவாட்டுக் குழம்புக்கு வந்தார்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் கொரோனா சைகோனைப் பிடித்தது. முதல் வருடம் தப்பிய ஊர், இரண்டாம் வருடம் வசமாக மாட்டிக்கொண்டது. தெருவுக்குத் தெரு தடுப்பு, கடைகளெல்லாம் அடைப்பு, வீட்டைவிட்டு யாரும் வெளியே வரக்கூடாது. முழு அடைப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் வயிரவன் ஒரு பாயையும் அரிசி மூட்டையையும் எடுத்துக்கொண்டு உணவகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுபடி ஒரு விசையை யாரும் அணைத்துவிடக்கூடாது என்பதுதான் காரணம்.

சில நாளில் மரிக்குக் காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடம் ஒன்றைத் தற்காலிக மருத்துவமனையாக்கியிருந்தார்கள், அங்கே கொண்டுபோனார்கள். கடை பூட்டியபடி தடுப்புக்குள் கிடந்தது. மூச்சு வாங்கியதால் மரியால் பேச முடியவில்லை. வயிரவன் தினம் காலையில் வீடியோவில் கூப்பிடுவார். மறுபக்கம் ஒரு குழாய், ஒரு நெற்றி, கொஞ்சம் நரைமுடி, அவ்வளவுதான் தெரியும். அவர் "எப்படி இருக்கே?" என்று கேட்டால் மரி பதில் சொல்லமாட்டார். ஒரே வார்த்தை மட்டும் வரும்.

"காட்டு."

வயிரவன் தொலைபேசியைக் கண்ணாடியோரம் வைத்து மெதுவாக நகர்த்துவார். "இது பீட்ரூட். நேத்தைக்கு இப்ப கொஞ்சம் அகண்டிருக்கு. இது ரோஸ்மில்க். இங்கன பாரு, நத்தை குட்டி போட்டிருக்கு. இதுதான் நீ கொடுத்த கல்லு." மரி சில நாள் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவார். வயிரவன் தொலைபேசியை எடுக்கமாட்டார். பாத்திரம் கழுவி, தரையைத் துடைத்து, மறுபடி வந்து பார்ப்பார்.

அந்த நேரத்தில்தான் இந்தியாவுக்கு ஒரு சிறப்பு விமானம் ஏற்பாடாயிற்று. வள்ளியப்பன் குடும்பம் கிளம்பியது. நானும் கிளம்பினேன். வயிரவனுக்கும் முதலாளி இடம் போட்டிருந்தார். தேவகோட்டையிலிருந்து அவருடைய அக்கா, அவர் ஆச்சி என்று கூப்பிடும் பெத்தாச்சி, அழுது அழுது கூப்பிட்டார். விமானநிலையம் போகும் பேருந்து உணவகத்தின் முன்னால் நின்றபோது வயிரவன் சன்னல் வழியாக மட்டும் தலையைக் காட்டினார்.

"ஏறுய்யா!" என்றார் வள்ளியப்பன்.

"நீங்க போயிட்டு வாங்கண்ணே. தொட்டிய யார் பாக்குறது?"

"பைத்தியமா உனக்கு? கல்லுய்யா அது!"

"ஆமாண்ணே" என்றார் வயிரவன். பேருந்துக்காரர் ஒலி எழுப்பினார். என் பக்கத்து இருக்கை காலியாகவே சென்னைவரை வந்தது.

மரி பிழைத்தார். தடுப்புகளை எடுத்தபிறகு, அக்டோபரில் ஒருநாள், உணவகத்தின் கதவைத் தட்டினார். பாதியாக இளைத்திருந்தார். முடி கொட்டிப்போய்க் குட்டையாக வெட்டியிருந்தார். உட்காரவில்லை, தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"நீ ஏன் போகலே?"

"தொட்டிய யார் பாக்குறது?"

"பொய்" என்றார் மரி.

வயிரவன் கொஞ்சநேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். "ஆமா, பொய்தான்" என்றார்.

அதற்குமேல் அவர்கள் என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்ல மறுக்கிறார்கள். இருவரும் ஒரேமாதிரி மறுக்கும் இடம் கதையில் இது ஒன்றுதான்.

அன்றே இருவரும் ஐந்தாம் வட்டத்துக்குப் போனார்கள். பூட்டைத் திறந்ததும் மரி வாயைப் பொத்திக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். அடைப்பின் நடுவில் எப்போதோ மின்சாரம் தடைப்பட்டிருக்கிறது. எல்லாத் தொட்டியும் போயிருந்தது. மீன் போனது மட்டுமல்லாமல், இத்தனை வருடம் அவர் சேர்த்த கற்களும் தண்ணீர் வற்றி, வெயில் பட்டு, வெள்ளையாக, காய்ந்த சுண்ணாம்புபோல உதிரும் நிலையில் கிடந்தன. வயிரவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். முழுக்கக் கழுவ அவருக்கு ஒரு வாரத்துக்குமேல் ஆயிற்று. பிறகு உணவகத்துத் தொட்டியிலிருந்து கற்களை ஒவ்வொன்றாக ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"எல்லாத்தையும் கொண்டுவராதே! உனக்கு வேணாமா?" என்று மரி சத்தம் போட்டார்.

"எனக்கு உனக்குன்னு என்ன இருக்கு? பிடி, தண்ணி சொட்டுது."

புதுத் தண்ணீரில் கல்லைச் சுரண்டிப் பொடி தூவினார்கள். கடையின் அத்தனை தொட்டியிலும் மறுபடி ஊதா பிடிக்க ஒரு வருடம் ஆயிற்று. சிவப்புக்கு இன்னும் கொஞ்சம் கூட.

வள்ளியப்பன் திரும்பி வரவில்லை. உணவகத்தை வேறொருவர் வாங்கினார், அவருக்குத் தொட்டி வேண்டியிருக்கவில்லை. அது ஒரு மூன்று சக்கரச் சரக்கு வண்டியில் ஏறி மரியின் கடைக்குப் போயிற்று, கூடவே வயிரவனும் போனார். கல்யாணத்தை முதலில் அரசு அலுவலகத்தில் பதிந்தார்கள். பிறகு மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். மரி இந்த ஊர் வழக்கப்படி ஊதுவத்திக் கட்டை நெற்றிக்கு உயர்த்திக் கும்பிட்டார், வயிரவன் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வரிசையில் இருந்தவர்கள் அவரைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மரியோடு தேவாலயத்துக்கும் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். மெழுகு தரையில் வழிந்ததாம். துடைத்தாராம். பெத்தாச்சி ஆச்சி வீடியோவில் பார்த்துவிட்டு, "பொண்ணு தமிழ் பேசுதே!" என்று வியந்து, பிறகு, "ஏன்டா, உன்னைய 'நீ', 'வா', 'போ'ங்குது?" என்று கேட்டிருக்கிறார்.

"எங்கிட்ட மட்டுமில்ல ஆச்சி, எல்லார்கிட்டயும் அப்படித்தான்" என்று வயிரவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மரி குறுக்கே வந்து, "ஆச்சி, நீ சாப்பிட்டியா?" என்றாராம். ஆச்சிக்குக் கோபமே வரவில்லை.

நான் சைகோனுக்குத் திரும்பி வேலையில் சேர்ந்து இப்போது சில வருடம் ஆகிறது. போன மாதம் அவர்கள் கடைக்குப் போயிருந்தேன். வயிரவனுக்கு அறுபது கடந்துவிட்டது. துண்டு அதே தோளில் இருந்தது. மரிக்கு முடி நன்றாக வளர்ந்திருந்தது, அவருடைய தமிழ் கொஞ்சம் வளர்ந்து தேவகோட்டைப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. "என்னங்கிறேன்" என்றெல்லாம் வருகிறது. ஊரிலிருக்கும் தொட்டிக்காரர்கள் பலரும் இப்போது நிறத்துக்காக இவர்களிடம்தான் வருகிறார்கள். சுரண்டிய பொடியைச் சின்னப் பாட்டிலில் போட்டு, பாட்டிலின்மேல் பீட்ரூட், பரங்கி என்று தமிழில் எழுதிக் கொடுக்கிறார் வயிரவன். வாங்கிப் போகும் வியட்நாமியப் பையன்கள் கோரலைன் வகைகளின் அறிவியல் பெயர் அது என்று நினைக்கிறார்கள்.

நான் போனபோது இருவரும் சண்டையில் இருந்தார்கள். அந்த ஆறடித் தொட்டியின் ஒரு மூலையில், ஒரு கல்லின் இடுக்கில், மஞ்சள் வந்திருந்தது. அது மூன்றாவது முறை. முதல் இரண்டுமுறையும் வந்து, சில வாரம் இருந்து, போய்விட்டதாம்.

"வெளக்கு சாஸ்தி" என்றார் வயிரவன்.

"வெளக்கு கம்மி" என்றார் மரி. "போனவாட்டி நீ வெளக்கை மேலே ஏத்தினே, போச்சு."

"போனவாட்டி எறக்குனது நீ!"

நான் குனிந்து பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மரி என் தலையைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பினார். ஒரு துவரம்பருப்பு அளவு மஞ்சள்.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்றார் மரி. "எல்லாரும் வந்து கேப்பாங்க. இது இன்னும் சின்னப் பிள்ளே."

"சொல்லலை" என்றேன்.

வயிரவன் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மரி ஐஸ் தேநீர் ஊற்றினார். நான் குடித்து முடிப்பதற்குள் விளக்கு ஒருமுறை ஏறி, இரண்டுமுறை இறங்கியது.